மார்க்கமா, பழக்கமா? – பரீரா (ரலி) கேட்ட கேள்வி

  



மதமே வேண்டாம் என்று ஒதுங்கி வாழும் பெண்கள் மேற்கு நாடுகளில் ஏராளம். சர்ச்சுக்குப் போவதில்லை, வேதம் படிப்பதில்லை, ஆணும் பெண்ணும் எல்லாவற்றிலும் சமம் என்று உறுதியாக நம்புகிறவர்கள். அப்படிப்பட்ட பெண்களில் பலர் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே உற்றுப் பார்த்துவிட்டு ஆச்சரியப்படுகிறார்கள். "என் பாட்டி செய்ததைத்தானே நானும் செய்துகொண்டிருக்கிறேன்! இதை எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கேட்கிறார்கள். இதைப் பற்றி நூல்கள் வந்திருக்கின்றன, ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

அவர்கள் பேசினால் நமக்கென்ன என்று கேட்காதீர்கள். நம் பிள்ளைகள் அவர்களோடுதான் வேலை செய்கிறார்கள், அவர்கள் எழுதுவதைத்தான் படிக்கிறார்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருக்கிறது. அவர்கள் கேட்கும் அந்தக் கேள்வியை நம் வீடுகளில் யாருமே கேட்பதில்லை.

பெயரில் தொடங்குவோம்

அமெரிக்காவில் திருமணமான பெண் கணவனின் குடும்பப் பெயரைச் சூட்டிக்கொள்ள வேண்டும் என்று இன்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் 2023-இல் பியூ ஆய்வு மையம் விசாரித்தபோது, ஆணை மணந்த பெண்களில் நூற்றுக்கு 79 பேர் கணவனின் பெயரை எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். தம் சொந்தப் பெயரையே வைத்துக்கொண்டவர்கள் 14 பேர். இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டவர்கள் 5 பேர்.

ஜப்பானோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். யார் பெயர் என்று சட்டம் சொல்லவில்லை, ஏதாவது ஒருவருடைய பெயர் இருந்தால் போதும். ஆனாலும் ஏறக்குறைய 95 விழுக்காடு தம்பதிகளில் மனைவிதான் தன் பெயரை விடுகிறாள். 2015-இலும் 2021-இலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டம் கட்டாயப்படுத்தும் நாட்டில் 95, கட்டாயமே இல்லாத நாட்டில் 79! பழக்கத்தின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஆங்கிலேயரின் பழைய பொதுச் சட்டத்தில் திருமணம் ஆனவுடன் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள். அந்த ஒரே ஆள் கணவன்தான்! 18-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டன் 1765-இல் வெளிவரத் தொடங்கிய தம் விளக்க நூலில் இதை எழுதியே வைத்திருக்கிறார். மனைவி தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாது. அவள் சம்பாதித்த கூலியும் அவனுக்கே. இங்கிலாந்தில் இது 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கொஞ்சமும், 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெருமளவும் மாறியது. தனி ஆளாகவே இல்லாதவளுக்குத் தனிப் பெயர் எதற்கு? கணவனின் பெயர் மனைவிக்கு ஒட்டிக்கொண்ட வரலாற்றில் இந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சட்டம் போய்விட்டது. பெயர் மாற்றும் பழக்கம் போகவில்லை.

லூசி ஸ்டோன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1855-இல் ஹென்றி பிளாக்வெல் என்பவரை மணந்தபோது கணவனின் பெயரை ஏற்க மறுத்தார். அதற்கு அவர் கொடுத்த விலை என்ன தெரியுமா? 1879-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பள்ளிக் குழுத் தேர்தல்களில் மட்டும் பெண்கள் வாக்களிக்கலாம் என்று அனுமதி வந்தது. வாழ்நாள் முழுவதும் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய அவர் பதிவு செய்யப் போனார். கணவனின் பெயரோடு கையெழுத்திட்டால்தான் வாக்கு என்றார்கள். அவர் கையெழுத்திடவில்லை. வாக்கும் கிடைக்கவில்லை.

இனி நம் பக்கம் வாருங்கள். உலகிலேயே சிறந்த கணவர் நம் நபி (ஸல்) அவர்கள். அவர்களின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்வதைவிடப் பெரிய கௌரவம் ஒரு பெண்ணுக்கு இருந்திருக்க முடியுமா? ஆனால் நாம் எப்படிச் சொல்கிறோம்? கதீஜா பின்த் குவைலித். ஆயிஷா பின்த் அபீபக்ர். ஹஃப்ஸா பின்த் உமர். இதில் என்னை மிகவும் கவர்ந்தது அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் பெயர். அவர்களின் தந்தை ஹுயை இப்னு அக்தப் இஸ்லாத்தின் கடும் எதிரியாக வாழ்ந்து எதிரியாகவே இறந்தவர். அன்னையவர்கள் இறைத்தூதரின் மனைவியாக, முஃமின்களின் தாயாக ஆன பிறகும் ஸஃபிய்யா பின்த் ஹுயை என்றே அழைக்கப்பட்டார்கள். இன்றும் அப்படித்தான் கிதாபுகளில் இருக்கிறது. பிறந்த வம்சத்தைத் திருமணம் அழிப்பதில்லை.

லூசி ஸ்டோன் எதற்காக வாக்கை இழந்தாரோ அது நம் பெண்களுக்குக் கேட்காமலேயே கிடைத்த ஒன்று. ஆனால் நாம் அதை என்ன செய்தோம் என்பதற்குப் பிறகு வருகிறேன். அவசரப்பட்டுப் பெருமைப்பட்டுவிடாதீர்கள்.

மேல்மனம் ஒன்று, அடிமனம் ஒன்று

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்த ஆர்லி ஹோக்ஷில்ட் அம்மையார், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளுக்குள் சென்று, யார் சமைக்கிறார், யார் பிள்ளையைத் தூங்க வைக்கிறார் என்று கவனித்து 1989-இல் ஒரு நூல் எழுதினார். வெளியே ஒரு வேலை முடித்துவிட்டு வரும் பெண் வீட்டில் இரண்டாவது ஷிப்ட் பார்க்கிறாள் என்பதே அந்த நூலின் பெயருக்குக் காரணம்.

அதில் ஒரு தம்பதி. (உண்மைப் பெயரை மறைத்திருக்கிறார்.) மனைவி சமத்துவத்தில் அசையாத நம்பிக்கை உள்ளவர். வீட்டு வேலையில் பாதி நீ, பாதி நான் என்று கணவனோடு பல காலம் சண்டை போட்டார். கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது: மாடி மனைவிக்கு, கீழ்த்தளம் கணவனுக்கு. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது அல்லவா? மாடியில்தான் சமையலறை, கூடம், படுக்கையறை, குழந்தை எல்லாம். கீழே கார் நிறுத்தும் இடமும் நாயும்! இதை அந்தப் பெண் "நாங்கள் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம்" என்று மனதாரச் சொன்னார். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்.

பேராசிரியர் இதிலிருந்து ஒரு நுட்பமான விஷயத்தைச் சொல்கிறார். மனிதர்களுக்கு மேல்மனதில் ஒரு கொள்கையும் அடிமனதில் வேறொரு கொள்கையும் இருக்கக்கூடும். வாய் சமத்துவம் பேசும், உள்ளே அம்மா வாழ்ந்த முறை உட்கார்ந்திருக்கும். சிலரிடம் இது தலைகீழாகவும் இருக்கும் என்கிறார்.

இன்னொரு ஆய்வையும் கேளுங்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையைச் சேர்ந்த இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2018-இல் வெளியிட்டது. குடும்பங்கள் கணக்கெடுப்பில் சொன்ன வருமானத்தையும், அதே ஆட்களுக்கு வரித்துறையிடம் இருந்த வருமானப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மனைவி கணவனைவிட அதிகம் சம்பாதிக்கும் வீடுகளில் ஒரு விசித்திரம் தென்பட்டது. கணவனின் வருமானத்தைக் கொஞ்சம் கூட்டியும் மனைவியின் வருமானத்தைக் கொஞ்சம் குறைத்தும் சொல்லியிருந்தார்கள். பதில் சொன்னது கணவனாக இருந்தாலும் இப்படி, மனைவியாக இருந்தாலும் இப்படி! வரித்துறைக்கு ஒரு கணக்கு, வாசலில் வந்து கேட்டவருக்கு ஒரு கணக்கு. யாரும் அவர்களை மிரட்டவில்லை. ஆண்தான் அதிகம் சம்பாதிக்க வேண்டும் என்று எந்தப் பாதிரியாரும் வந்து பிரசங்கம் செய்யவில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணின் நாக்கு தன் சம்பளத்தைக் குறைத்துச் சொல்லியது.

ராக்சேன் கே என்ற அமெரிக்க எழுத்தாளர் 2014-இல் தம் கட்டுரைத் தொகுப்புக்கு "மோசமான பெண்ணியவாதி" என்றே பெயர் வைத்தார். தம்மைத்தான் அப்படிச் சொல்லிக்கொள்கிறார். பிடித்த நிறம் இளஞ்சிவப்பு, பெண்களை இழிவுபடுத்தும் பாட்டுக்குத் தம் கால் தானாக ஆடுகிறது, சில வேலைகள் ஆண்களுடையவை என்று தோன்றுகிறது, யாரையும் சாராமல் நிற்க வேண்டும் என்ற ஆசையோடு தம்மை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது என்றெல்லாம் ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். தம் கொள்கையை அவர் விடவில்லை. தம்மிடம் இருப்பதை இல்லை என்று மறைக்கவுமில்லை.

இவர்கள் எல்லோரையும்விட அதிகம் பேசப்பட்டவர் பிரான்சின் சிமோன் த பூவா. 1908-இல் பாரிஸில் பிறந்தவர். பக்தியான கத்தோலிக்கத் தாயிடம் வளர்ந்து, பதின்ம வயதிலேயே இறைநம்பிக்கையை இழந்தவர். 1949-இல் அவர் எழுதிய "இரண்டாம் பாலினம்" என்ற நூல் உலகம் முழுவதும் பெண்ணியத்தின் மூலநூல்களில் ஒன்றாகப் படிக்கப்படுகிறது. திருமணம் என்ற அமைப்பையே விமர்சித்தவர், கடைசிவரை திருமணம் செய்துகொள்ளாதவர். 1986-இல் அவர் இறந்த பிறகு, அமெரிக்க எழுத்தாளர் நெல்சன் ஆல்கிரனுக்கு அவர் எழுதிய கடிதங்கள் அச்சுக்கு வந்தன. படித்தவர்கள் திகைத்துப் போனார்கள். உனக்காகச் சமைப்பேன், பாத்திரம் கழுவுவேன், தரை துடைப்பேன், மரபான ஒரு மனைவியைப் போல உனக்கு உண்மையாக இருப்பேன் என்கிற பொருளில் எழுதியிருந்தார். "இரண்டாம் பாலினம்" உருவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்! ஆல்கிரன் அணிவித்த மோதிரத்தோடுதான் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அந்த உறவு முறையை நம் மார்க்கம் ஏற்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே அது பேச்சில்லை. அவ்வளவு படித்த, அவ்வளவு துணிச்சலான ஒரு பெண்ணின் அடிமனதிலும் இப்படி ஓர் ஆசை இருந்தது என்பதுதான் செய்தி.

நாம் செய்யக்கூடிய இரண்டு தவறுகள்

இதையெல்லாம் கேட்டவுடன் நம்மில் சிலருக்குச் சிரிப்பு வரும். "பார்த்தீர்களா, ஊருக்கு உபதேசம்!" என்று கேலி செய்யத் தோன்றும். வேண்டாம். தன் குறையைத் தானே கண்டு வெளியே சொல்பவரைக் கேலி செய்வது முஃமினுக்கு அழகல்ல. தன்னைத்தானே கணக்குக் கேட்பதற்கு நம்மிடம் முஹாஸபா என்று ஒரு பெயரே இருக்கிறது. நாம் பெயரை வைத்திருக்கிறோம், அவர்கள் வேலையைச் செய்கிறார்கள். யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

இரண்டாவது தவறு இன்னும் சுலபமாக வரும். "இதுதான் ஃபித்ரா! அல்லாஹ் படைத்த இயற்கை! எங்கே ஓடினாலும் பெண் பெண்தான், கடைசியில் எங்கள் வழிக்குத்தான் வர வேண்டும்" என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுவது. மேடைகளில் இப்படிப் பேசினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் நின்று யோசியுங்கள்.

மேற்கத்தியப் பெண்கள் பலருக்கு, நாத்திகர்களுக்கும்கூட, திருமணத்தன்று வெள்ளை ஆடை வேண்டும். அது ஃபித்ராவா? 1840-இல் விக்டோரியா மகாராணி தம் திருமணத்துக்கு வெள்ளை அணிந்தார். அது பிரபலமாகிப் பரவியது. அதற்கு முன் பெரும்பாலான மணப்பெண்கள் தம்மிடம் இருந்ததில் நல்ல ஆடை எந்த நிறமோ அதை உடுத்தினார்கள். நிச்சயத்துக்கு வைர மோதிரம் வேண்டும் என்கிறார்களே, அது? வைரம் என்றென்றைக்கும் நிலைப்பது என்று 1947-இல் டி பியர்ஸ் நிறுவனத்துக்காக ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை செய்த பெண்மணி எழுதிய வாசகம் அந்த ஆசைக்குப் போட்ட உரம் கொஞ்சமல்ல. ஒரு ராணியின் ஆடையும் ஒரு வியாபாரியின் விளம்பரமும் இரண்டு மூன்று தலைமுறைக்குள் "இது இல்லாமல் எப்படி?" என்கிற நிலைக்கு வந்துவிடுகின்றன.

ஒரு பழக்கம் பழையது என்பதாலோ, அது இல்லாவிட்டால் மனம் சங்கடப்படுகிறது என்பதாலோ அது ஃபித்ரா ஆகிவிடாது. ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ராவில் பிறக்கிறது, பிறகு பெற்றோர்தான் அதை வேறு வழிக்குக் கொண்டு செல்கிறார்கள் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். அதில் பெற்றோர் எந்த இடத்தில் வருகிறார்கள் என்று கவனியுங்கள். வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டது ஒன்று, ஃபித்ரா இன்னொன்று என்று அந்த ஹதீஸே பிரித்துக் காட்டுகிறது. முன்னோர்கள் மீது கண்டதையே பின்பற்றுவோம் என்று சொன்னவர்களை அல்பகரா அத்தியாயத்தின் 170-ஆம் வசனம் கண்டிக்கிறது. அந்த முன்னோர்கள் எதையும் விளங்காதவர்களாக இருந்தாலுமா என்று கேட்கிறது.

அப்படியானால் நாணம், குடும்பப் பாசம், ஒருவர் துணையை நாடுவது, இவற்றுக்கெல்லாம் இயற்கையில் வேரே இல்லையா? நிச்சயமாக உண்டு. மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்களிடம் நாணத்தோடு நடந்து வந்த பெண்ணை குர்ஆன் புகழ்ந்து காட்டுகிறது. அதே பெண் தன் சகோதரியோடு ஆடு மேய்க்க வெளியே போனவள் என்பதையும் குர்ஆனே சொல்கிறது, தந்தை முதியவர் என்ற காரணத்தோடு. நாணம் இருந்தது, வேலையும் நடந்தது. ஆக, எது வேர், எது பின்னால் ஒட்டியது என்று பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். அதை எப்படிப் பிரிப்பது?

ஓர் அடிமைப் பெண் காட்டிய வழி

பரீரா (ரலி) அவர்கள் அடிமையாக இருந்தவர்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் விலை கொடுத்து வாங்கி உரிமை விட்டார்கள். அவர்களின் கணவர் முகீஸ் (ரலி). விடுதலை ஆனதும், அந்தத் திருமணத்தில் தொடர்வதா விலகுவதா என்று முடிவு செய்யும் உரிமை பரீராவுக்குக் கிடைத்தது. அவர்கள் விலகிக்கொண்டார்கள்.

முகீஸால் தாங்க முடியவில்லை. மதீனாவின் தெருக்களில் பரீராவின் பின்னாலேயே அழுதுகொண்டு நடந்தார்கள். கண்ணீர் தாடியில் வழிந்தது. இதைப் பார்த்த நபி (ஸல்) அவர்கள் தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களிடம், இவருக்கு அவள் மீது எவ்வளவு பிரியம், அவளுக்கு இவர் மீது எவ்வளவு வெறுப்பு, ஆச்சரியமாக இல்லையா என்று கேட்டார்கள். பிறகு பரீராவிடமே, நீ அவரிடம் திரும்பிச் செல்லக் கூடாதா என்றார்கள்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? சொல்வது யார்? அல்லாஹ்வின் தூதர்! பரீரா (ரலி) ஒரு கேள்வி கேட்டார்கள்: அல்லாஹ்வின் தூதரே, இது எனக்குக் கட்டளையா? நபி (ஸல்) அவர்கள், இல்லை, நான் பரிந்துரைதான் செய்கிறேன் என்றார்கள். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள் பரீரா. புகாரியில் இருக்கும் செய்தி இது. நபி (ஸல்) அவர்கள் கோபப்படவில்லை. இவ்வளவு பேசுகிறாளே என்று யாரும் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில், அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த ஒரு பெண்ணுக்கு இந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது? கட்டளைக்கு ஓர் இடம், பரிந்துரைக்கு ஓர் இடம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிறகு வந்த ஃபுகஹாக்கள் ஊர் வழக்கத்துக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். அல்ஆதா முஹக்கமா, வழக்கமும் தீர்ப்புக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்பது ஃபிக்ஹின் ஐந்து பெரும் விதிகளில் ஒன்று. குர்ஆனோடும் ஹதீஸோடும் மோதாதவரை வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது வழக்கம் என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தீன் இல்லாத அந்தப் பெண்கள் "இதை எனக்கு யார் சொன்னது?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல அவர்களிடம் வேதம் இல்லை. நம்மிடம் பதில் இருக்கிறது. கேள்விதான் இல்லை.

நம் வீடுகளுக்கு வருவோம்

முதலில் பெயர். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். நிக்காஹ் முடிந்ததும் வாப்பாவின் இன்ஷியலை எடுத்துவிட்டுக் கணவனின் இன்ஷியலைப் போடும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. இன்னாருடைய மனைவி என்று அடையாளத்துக்காக க/பெ என்று எழுதுவதில் குற்றமில்லை என்று உலமாக்கள் பலர் சொல்கிறார்கள். வம்சத்தை மாற்றிச் சொல்வதுதான் தடை. இதைப் பெரிய பாவமாக்க நான் வரவில்லை. ஆனால் மருமகள் வாப்பாவின் இன்ஷியலையே வைத்துக்கொள்கிறேன் என்றால், "புருஷன் பேரைப் போட மாட்டாளாமே, இது என்ன மார்க்கம்?" என்று கேட்கும் மாமியார்கள் இருக்கிறார்கள். மார்க்கம் அவள் பக்கம்தான் இருக்கிறது, மாமி!

அடுத்து அடுப்படி. வீட்டு வேலை செய்வது மனைவியின் கடமை என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகளைப் புரட்டிப் பாருங்கள். சமைப்பதும் துவைப்பதும் நிக்காஹ் ஒப்பந்தத்தின் பேரில் அவள் மீது கடமையாவதில்லை. பிறந்த வீட்டில் பணியாள் வைத்து வாழ்ந்தவளாக இருந்தால் கணவன் அவளுக்குப் பணியாள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் விளக்கம் வேறு, அவளுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான பொறுப்பு என்பார்கள். எதுவானாலும், நம் பெண்கள் செய்வது பெருமளவு அவர்களின் நல்ல மனது, ஊரின் நல்ல வழக்கம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) சொன்னார்கள். சோபாவில் உட்கார்ந்து "தண்ணி" என்று குரல் கொடுப்பதற்கு ஸுன்னத்தில் ஆதாரம் தேடாதீர்கள்.

அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்கள் கணவர் ஸுபைர் (ரலி) அவர்களின் நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வெகு தூரம் நடப்பார்கள். ஒருநாள் வழியில் நபி (ஸல்) அவர்களும் அன்ஸாரிகள் சிலரும் வந்தார்கள். அவர்களை ஒட்டகத்தில் ஏற்றிக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் முன்வந்தார்கள். அஸ்மாவுக்கு ஆண்களோடு செல்ல வெட்கம், கணவரின் ரோஷமும் நினைவுக்கு வந்தது. ஏறவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது ஸுபைர், நீ அவர்களோடு ஏறி வருவதைவிட நீ கொட்டை சுமப்பதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது என்றார்கள். பிறகு அபூபக்ர் (ரலி) அவர்கள் ஒரு பணியாளை அனுப்பி வைத்தார்கள். குதிரையைப் பராமரிக்கும் வேலை அஸ்மாவிடமிருந்து இறங்கியது. தனக்கு விடுதலையே கிடைத்தது போல இருந்தது என்று அஸ்மா சொல்கிறார்கள். நாணம் அஸ்மாவுடையது. சுமையைத் தம்முடையதாக உணர்ந்தது ஸுபைரின் மனம். நாம் முதல் பாதியை மட்டும் பெண்களுக்கு பயான் செய்கிறோம்.

கடைசியாக, இவை எல்லாவற்றையும்விடக் கனமான ஒன்று. வாரிசுரிமை.

ஆங்கிலேயப் பெண்ணுக்கு 1882-இல் கிடைத்த சொத்துரிமை, நம் பெண்களுக்கு அந்நிஸா அத்தியாயத்தின் மூலம் மதீனாவிலேயே கிடைத்துவிட்டது. சொத்து குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் பெண்களுக்குப் பங்கு உண்டு என்று அல்லாஹ் சொல்லி, அது யார் தயவிலும் விடப்படாத விதிக்கப்பட்ட பங்கு என்றும் சொல்கிறான். 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டது. சென்னை மாகாணத்தில் 1949-இல் திருத்தம் வந்து அதுவும் சேர்ந்தது. ஆகவே நம் மாநிலத்தில் சட்டமும் தடையில்லை.

பிறகு என்ன நடக்கிறது? வாப்பா மவுத்தாகிப் பல வருடம் கழித்து, வீட்டை விற்கும்போது, சகோதரியைப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். "என் தம்பிதானே, எனக்கு எதற்கு? நான் விட்டுக் கொடுத்துவிட்டேன்" என்று அவளும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறாள். மனப்பூர்வமாகத்தான் என்பாள். நாற்பது வயதில் விதவையாகி மகனின் பள்ளிக் கட்டணத்துக்கு யாரிடம் கேட்பது என்று நிற்கும்போதும் அப்படித்தான் சொல்வாள். பங்கு கேட்ட பெண்ணை ஊர் எப்படிப் பேசும் என்று அவள் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். தன் சம்பளத்தைக் குறைத்துச் சொன்ன அந்த அமெரிக்கப் பெண்ணை நினைவிருக்கிறதா? அவளையும் யாரும் மிரட்டவில்லை.

ஒருவர் வெட்கத்தின் காரணமாகக் கொடுத்ததை வாங்குவது அவரிடமிருந்து பறித்ததைப் போன்றது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்ற மேதைகள் எச்சரித்திருக்கிறார்கள். பத்துப் பேர் நடுவில் ஒருவரிடம் கேட்டு, மறுக்க முடியாமல் அவர் கொடுத்தால், அந்தப் பொருள் வாங்கியவருக்கு ஹலால் ஆகிவிடுமா? யோசித்துப் பாருங்கள். சகோதரியிடம் கையெழுத்து வாங்கும்போது சுற்றி எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஆகவே சகோதரர்களே, உங்கள் வீட்டில் பாகப்பிரிவினை வரும்போது சகோதரியிடம் "உனக்கு வேண்டுமா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியே அவளை மடக்கிவிடும். ஆலிமை வைத்துப் பங்கைக் கணக்கிடுங்கள். இத்தனை சதுர அடி, இன்றைய மதிப்பு இவ்வளவு என்று காகிதத்தில் எழுதி அவளிடம் கொடுங்கள். அவள் பெயருக்குப் பதிவு செய்து பத்திரத்தை அவள் கையில் ஒப்படையுங்கள். பணமாக என்றால் அவளுடைய வங்கிக் கணக்கில் போடுங்கள், மச்சானின் கணக்கில் அல்ல. அதன் பிறகு ஒரு வருடம் கழித்து அவளாக மனமுவந்து தம்பிக்குக் கொடுத்தால் அது ஹதியா, தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

சகோதரிகளே, பத்திரத்தை உங்கள் முன் நீட்டும் போது பேனாவை எடுப்பதற்கு முன் பரீரா (ரலி) கேட்டதைக் கேளுங்கள்: இது கட்டளையா? அல்லாஹ் எனக்கு விதித்த பங்கு எவ்வளவு, அதை முதலில் சொல்லுங்கள் என்று கேளுங்கள். கேட்பவரைத் திட்டுவதற்கு இந்த மார்க்கத்தில் யாருக்கும் அனுமதி இல்லை.